பசராத்தம்மன்

ஆறாம் வகுப்பில் சேர்ந்த முதல் வாரம் வாய்தவறிச் சொன்னதோடு சரி. அதற்குப் பிறகு என் தெருவின் பெயரை நான் நெடுநாள் யாரிடமும் சொல்லவில்லை. கேட்டால், "பஜாருக்குப் பின்னாடி" என்பேன். மேலும் துருவினால், "புளி மண்டிக்கு எதிர்ச்சந்து" என்பேன். கள்ளக்குறிச்சியில் மற்ற தெருக்களுக்கெல்லாம் சாமி பெயரோ தலைவர் பெயரோ இருக்க, எங்களுடையது மட்டும் பசராத் தெரு. அந்த ஒரு தடவை சொன்னதற்கே "பசரா பசரா பழஞ்சோறு" என்று பள்ளிக்கூடத்தில் பாட்டுக் கட்டிவிட்டார்கள். பாட்டில் பொய் ஒன்றும் இல்லை. தெருவின் முப்பது வீட்டிலும் காலையில் பழஞ்சோறுதான். அதனால்தான் அவ்வளவு கோபம் வந்தது.

பெயருக்கு அர்த்தம் யாருக்கும் தெரியாது. பசுக்கள் இராத்தங்கிய இடம், அதனால் பசு-ரா என்று ஒரு தமிழாசிரியை பிரித்துக் காட்டினார். பசரா என்று ஓர் அத்தர் வியாபாரி இங்கே குடியிருந்ததாக டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். எங்கள் தெருவின் சொந்த விளக்கம் இன்னும் சுலபமானது. தெருமுனையில் இருப்பவள் பசராத்தம்மன், ஆகவே இது பசராத் தெரு. அம்மனுக்கு அந்தப் பெயர் ஏன் என்று கேட்டால், "சாமி பேர்ல இன்னாடி ஆராய்ச்சி" என்று அத்தை அதட்டுவார்.

அத்தை என் அப்பாவின் அக்கா. புருஷன் இறந்தபின் எங்கள் வீட்டிலேயே இருந்தார். கல்வராயன் மலையிலிருந்து மண்டிக்கு இறங்கும் புளியைத் தட்டிக் கொட்டை எடுப்பது அவர் வேலை. அப்பா அதே மண்டியில் மூட்டை தூக்கினார். அம்மா கரும்பு வெட்டப் போவார். அம்மனுக்கு வெள்ளிக்கிழமை விளக்குப் போடும் உரிமை மட்டும் எங்கள் வீட்டுக்கு, அதிலும் அத்தைக்கு. அது எப்படி வந்தது என்றும் யாருக்கும் தெரியாது.

பசராத்தம்மனுக்குக் கோயில் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. இடுப்புயரச் செங்கல் மேடை, அதன்மேல் ஒரு மாடம், மாடத்தின் பின்சுவரில் காரை பூசிப் பதித்த வட்டமான வெண்கலத் தகடு. அதில் நின்றகோலத்தில் ஒரு பெண். தலையில் கிரீடம், கையில் சூலம், முன்னால் ஒரு சிங்கம். அம்மன் என்பதற்கு இதற்குமேல் என்ன அடையாளம் வேண்டும்? மஞ்சளும் சந்தனமும் எண்ணெயும் வருஷக்கணக்காக ஏறி ஏறி, நான் பார்த்த நாளில் சூலத்தின் நுனியும் சிங்கத்தின் பிடரியும்தான் வெளியே தெரிந்தன. மீதியெல்லாம் குங்குமம்.

எங்கள் குடும்பத்துக்கு இன்னொரு பெயரும் உண்டு. குழாயடியில் சண்டை முற்றினால் கடைசியாக அதுதான் வரும்: ஓடிப்போனவன் வூடு. அப்பாவின் தாத்தா, அதாவது என் பூட்டன், பெண்டாட்டியையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டுக் கப்பலேறி ஓடிப்போய்விட்டாராம். போன இடத்திலேயே வேறு குடும்பம் கட்டிக்கொண்டாராம். இதைச் சொன்னவர்களில் ஒருவரும் கப்பலைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் மூன்று தலைமுறையாக இந்தக் கதைக்கு ஒரு குறையும் வரவில்லை. அந்தக் கைக்குழந்தைதான் பின்னாளில் அத்தைக்கும் அப்பாவுக்கும் தகப்பனானவர். சங்கராபுரம் சந்தைக்குப் போனாலும் பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பிவிடுவாராம். வெளியூரில் ஒரு ராத்திரி தங்கினால் இவனும் போய்விட்டான் என்பார்களே என்று பயம். அத்தையின் கல்யாணத்துக்கு முதல் நாள்கூட மாப்பிள்ளை வீட்டார் இந்தப் பேச்சை எடுத்துவிட்டு, பிறகுதான் சமாதானமானார்களாம்.

அந்த வருஷம் பொங்கல் கழிந்து சில நாளில் வார்டு மெம்பர் எங்கள் தெருவுக்கு வந்தார். தெருவுக்குச் சிமெண்ட் ரோடு வரப்போவதாகச் சொன்னார். ரோட்டுக்கு இடைஞ்சலாக இருப்பதால் முனையில் உள்ள மாடத்தை இடிக்க வேண்டும் என்றார். கூடவே இன்னொரு சேதியும் இருந்தது. ஓர் அரிசி மில்காரர் எங்கள் தெருவுக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டிக் கொடுக்க முன்வந்திருக்கிறார். பதிலுக்குத் தெருவுக்கு அவருடைய அப்பா பெயரை வைக்க வேண்டும்.

"புது ரோடு, புதுத் தொட்டி, புதுப் பேரு. பசரா கிசரான்னு சொன்னா உங்களுக்கே கூச்சமா இல்லயா?" என்றார் மெம்பர்.

எனக்கு இருந்தது. மனசுக்குள் அந்த மில்காரரின் அப்பாவுக்கு நன்றி சொன்னேன். அப்பாவுக்கும் சம்மதம்தான். அம்மா ஒரு நாளைக்கு எத்தனை நடை தண்ணீருக்குப் போகிறார் என்று அவருக்குத் தெரியும். அத்தை மட்டும் எழுந்து நின்றார்.

"சாமிய எங்க கொண்டு போறது?"

"பெரிய கோயில்ல ஓரமா எங்கனா வெச்சிக்கலாம்மா. எந்த ஊரு சாமின்னே தெரியல. அதுக்கு இம்மாம் யோசனையா?"

புதன்கிழமை ஜல்லி வந்து இறங்கும், செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எல்லாரும் கூடிப் பேசி முடித்துவிடலாம் என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

அத்தை அந்த வெள்ளிக்கிழமை விளக்குப் போட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில், "எவனோ வந்து கடப்பாறையால குத்தறதுக்கு நாமளே எடுத்துடலாம்" என்று அப்பாவைக் கூப்பிட்டார். அப்பா உளியை வைத்துக் காரையைச் சுற்றிலும் மெல்லத் தட்ட, தகடு பெயர்ந்து அத்தையின் முந்தானையில் விழுந்தது. என் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். அம்மன் அவ்வளவு சின்னவள் என்று அன்றுதான் தெரிந்தது.

வீட்டு வாசலில் வைத்துப் புளியும் சாம்பலும் போட்டு அத்தை தேய்த்தார். நான் தண்ணீர் ஊற்றினேன். முதலில் சிவப்பாக வழிந்தது, பிறகு மஞ்சளாக, பிறகு கறுப்பாக. சூலம் முழுதாகத் தெரிந்தது. சிங்கத்துக்கு நான்கு கால்களும் வந்தன. அம்மனுக்கு இரண்டு பக்கமும் இரண்டு மீன்கள் துள்ளிக்கொண்டிருந்தன. இதுவரை யாரும் அவற்றைப் பார்த்ததில்லை. அம்மன் நீட்டிய கைக்குக் கீழே ஒரு சிறிய கட்டம் இருந்தது. கட்டத்துக்குள் எழுத்துகள்.

"அத்தே, இங்கிலீஷ் எழுத்து கீது."

"சாமி மேல இன்னா எழுத்து? நல்லா பாரு."

எனக்கு அப்போது பெரிய எழுத்து எல்லாம் அத்துப்படி. எழுத்துக்கூட்டிப் படிக்கவும் வரும். படித்துக்கொண்டே போனேன். மண். ணாங். கட்டி.

மண்ணாங்கட்டி. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அம்மன் மேலே யாரோ மண்ணாங்கட்டி என்று எழுதிவைத்திருக்கிறான் என்று விழுந்து விழுந்து சிரித்தேன். முதுகில் ஓர் அடி விழுந்தது. அத்தை என்னை அடித்தது அந்த ஒரு தடவைதான். நிமிர்ந்து பார்த்தால் அவர் முகம் வெளுத்திருந்தது.

"எங்க தாத்தா பேருடி அது" என்றார்.

முதல் இரண்டு குழந்தைகள் தங்காமல் போனால், மூன்றாவதையாவது எமன் கண்டுகொள்ளாமல் விடட்டும் என்று எங்கள் பக்கத்தில் வைக்கும் பெயர் அது. ஓடிப்போனவன் என்றே சொல்லிச் சொல்லி, பூட்டனுக்கு ஒரு பெயர் இருந்ததையே நாங்கள் மறந்திருந்தோம். அப்பா உளியைக் கீழே வைத்துவிட்டு வந்து குனிந்து பார்த்தார். அவருக்கு எழுத்துத் தெரியாது. ஆனாலும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

தகட்டின் விளிம்பில், இதுவரை காரைக்குள் மறைந்திருந்த இடத்தில், சுற்றிலும் இன்னும் எழுத்துகள் இருந்தன. அதில் முதல் சொல்லை நான் படித்தேன்: "ஹி". மற்றவை நீளமானவை. எனக்கு வரவில்லை.

"யாரு படிப்பா?" என்று கேட்டார் அத்தை.

எனக்குத் தெரிந்து இங்கிலீஷ் முழுதாகத் தெரிந்தவர் ஒருவர்தான். எங்கள் இங்கிலீஷ் வாத்தியார். சின்னசேலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். அங்கே அவருக்கு நிலபுலம் ஜாஸ்தி. வகுப்பில் சிரிக்க மாட்டார். ஒரு சொல் தப்பினால் நூறு தடவை எழுதச் சொல்வார். பெற்றோர் யாராவது பார்க்க வந்தால், சட்டை போட்டவர் என்றால் "வாங்க" என்பார். எங்கள் தெரு ஆள் என்றால் வயசு எத்தனை ஆனாலும் "இன்னா, சொல்லு" என்பார். அதில் கோபம் எதுவும் இருக்காது. ரேஷன் கடையிலும் மண்டியிலும் எங்களிடம் அப்படித்தான் பேசுவார்கள். நாங்களும் அதை ஒரு விஷயமாக எடுத்துக்கொண்டதில்லை.

திங்கட்கிழமை சாப்பாட்டு மணி அடித்ததும் அத்தை பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டார். தகட்டை மஞ்சள் துணியில் சுற்றி மடியில் கட்டியிருந்தார். நான் தொலைவிலேயே நின்றுகொள்ளலாம் என்று நினைத்தேன். விடவில்லை.

வாத்தியார் டிபன் டப்பாவைத் திறந்தபடி, "இன்னா, சொல்லு" என்றார்.

அத்தை துணியைப் பிரித்து நீட்டினார். வாத்தியார் பார்த்தார். டப்பாவை மூடினார். எழுந்து நின்றார். கைக்குட்டையால் இரண்டு கையையும் துடைத்துக்கொண்டு, பிறகுதான் தகட்டை வாங்கினார்.

"இது எப்படி உங்க கிட்ட?"

"எங்க தெரு அம்மன்ங்க. தேய்ச்சா எங்க தாத்தா பேரு வந்துச்சு. சுத்தி இன்னா எழுதிக்கீதுன்னு தெரியல."

"இது அம்மன் இல்லம்மா. மொத உலக யுத்தத்துல செத்துப்போனவங்க வீட்டுக்கு வெள்ளக்காரன் அனுப்பினது. இந்தப் பொம்பள அவங்க நாட்டுக்கு அடையாளம். எங்க வீட்டுல ஒண்ணு இருக்குது. எங்க தாத்தாவோட அண்ணன் பேரு போட்டது. கண்ணாடி போட்டு மாட்டி வெச்சிருக்கோம்."

அத்தை அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "அப்போ ஓடிப்போவலீங்களா?" என்றார்.

"யாரு ஓடிப்போனது?"

நான்தான் சொன்னேன், எங்கள் வீட்டுப் பெயரை. வகுப்பில் பாடம் ஒப்பிப்பதுபோல் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். வாத்தியார் தகட்டை இன்னொரு தடவை பார்த்தார்.

"ஓடிப்போனவன் பேர வெண்கலத்துல வார்த்து அனுப்ப மாட்டாங்க. இது வந்தப்ப படிக்க ஆளில்லாம சாமின்னு வெச்சிட்டிருப்பாங்க" என்றார். "எங்க பெரிய தாத்தா செத்தது பஸ்ராவுல. ஈராக்ல ஒரு துறைமுகம். இந்தப் பக்கத்து ஆளுங்க நெறைய பேரு அங்க கப்பல்ல போயிருக்காங்க. உங்க தெரு பேரு இன்னா?"

வாழ்க்கையில் முதல்முறையாகத் தெரிந்தே அந்தப் பெயரை நான் வாத்தியாரிடம் சத்தமாகச் சொன்னேன்.

மாடத்தை இடிக்கப்போவதையும் மறுநாள் கூட்டத்தையும் சொல்லி, விளிம்பில் இருப்பதை அங்கேயே படித்துக் காட்டும்படி அத்தை கேட்டார். "நாளைக்குக் கூட்டம் இருக்குதுன்னு சொல்றீங்கல்ல. நானே வந்து எல்லாருக்கும் படிக்கிறேன்" என்றார் வாத்தியார். வரும்போது மடியில் மறைத்துக் கொண்டுவந்த தகட்டை அத்தை திரும்பும்போது துணியில் சுற்றவே இல்லை. விரித்த உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, பஜார் நடுவில், சைக்கிளும் மாட்டுவண்டியும் விலகிப் போக, மண்டிவரைக்கும் நடந்தாராம். பார்த்தவர்கள் சொன்னார்கள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தெருவே முனையில் கூடியது. வேலையிலிருந்து நேராக வந்திருந்த பெண்கள் இடுப்பில் கரும்புச் சோகைக் கட்டோடு நின்றார்கள். மெம்பர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சின்னசேலம் போகும் ஐந்து மணி பஸ்ஸை விட்டுவிட்டு வாத்தியார் வந்தார். மெம்பர் எழுந்து நாற்காலியைத் தள்ளினார். வாத்தியார் உட்காரவில்லை. அத்தையிடமிருந்து தகட்டை வாங்கி, வெளிச்சம் படும்படி பிடித்துக்கொண்டார்.

"ஹி டைடு ஃபார் ஃப்ரீடம் அண்ட் ஹானர்" என்று ஒவ்வொரு சொல்லாக, தகட்டைச் சுற்றிக்கொண்டே படித்தார். பிறகு தமிழில் சொன்னார். "சுதந்திரத்துக்காகவும் மானத்துக்காகவும் அவர் உயிரைக் கொடுத்தார்."

உடனே நான் பேசினேன். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

"சார், ஹி-ன்னா அவன். அவர்னு வராது."

அப்பா என் தோளைக் கிள்ளினார். நான் நிறுத்தவில்லை. "புக்குல அவன்னுதான் சார் போட்டுக்கீது. தப்பா எழுதனேன்னு நீங்கதான் நூறு தடவ எழுதச் சொன்னீங்க."

சிலர் சிரித்தார்கள். வாத்தியார் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை.

"புக்குல அப்படித்தான். இங்க அவர்தான்" என்று சொல்லிவிட்டு, மறுபடியும் ஒருமுறை, இன்னும் கொஞ்சம் உரக்க, அதே வாக்கியத்தைச் சொன்னார்.

அப்பாதான் அடுத்துக் கேட்டார். "அப்பயும் வெள்ளக்காரன் ஆட்சிதானேங்க. இன்னா சுதந்திரம்?"

"அது அவன் எழுதனது. உங்க தாத்தா போனதும் செத்ததும் நெசம்" என்றார் வாத்தியார்.

"சிப்பாயாங்க?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். "எங்காளுங்கள அப்போ துப்பாக்கி புடிக்க வுட்டிருப்பாங்களா? மண்ணு வெட்டத்தான் இட்டுக்கினு போயிருப்பாங்க."

"அது இதுல இல்லீங்க. சண்டை போட்டவரா, மண்ணு வெட்டினவரா, கழுதை ஓட்டினவரா, எதுவும் போட மாட்டாங்க. எங்க வீட்டுத் தகட்டுலயும் இல்ல. ரெண்டும் ஒரே அளவு, ஒரே எழுத்து. பேரு மட்டும்தான்."

எனக்கு அது பெரிய ஏமாற்றமாக இருந்தது. ஒரு கத்தியோ குதிரையோ இருந்தால் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொள்ளலாம். பெயர் மட்டும், அதுவும் மண்ணாங்கட்டி என்ற பெயர் மட்டும் இருந்தால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஆனால் சுற்றி நின்ற பெரியவர்களின் முகத்தில் ஏமாற்றம் இல்லை. ஒவ்வொருவராக வந்து தகட்டைத் தொட்டுப் பார்த்தார்கள். எங்களைக் குழாயடியில் அதிகம் திட்டியவர் என்று நான் மனசில் கணக்கு வைத்திருந்த பக்கத்து வீட்டுக்காரி வந்து, கையைப் புடவையில் துடைத்துவிட்டுத் தொட்டார். தொட்ட விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மெம்பர் தொண்டையைச் செருமினார். "இதெல்லாம் பெருமைதான், யாரு இல்லன்னா? ஆனா பேரு மாத்தலைன்னா மில்காரரு தொட்டி கட்ட மாட்டாரு. அத்தயும் யோசன பண்ணிக்கோங்க."

யோசனை செய்ய வேண்டியவர்கள் பெண்கள்தான். தண்ணீர் தூக்குகிறவர்கள் அவர்கள். என் அம்மா கூட்டத்தில் வாய் திறக்கிறவர் இல்லை. அன்றைக்கு அவர்தான் முதலில் பேசினார்.

"இத்தன வருசம் தூக்கனோம். இன்னும் கொஞ்சம் தூக்கறோம். பேரு இருக்கட்டும்."

பக்கத்து வீட்டுக்காரி, "இருக்கட்டும்" என்றார். பிறகு இன்னொருவர். மெம்பர் கையை விரித்துவிட்டு நாற்காலியை மடக்கினார்.

ரோடு வந்தது. ரோட்டை மறைக்காமல் ஓரமாக ஒரு தூண் கட்டி, ஆள் உயரத்தில் தகட்டைப் பதித்தார்கள். இந்தத் தடவை விளிம்பைக் காரை மூடாதபடி கொத்தனார் பார்த்துக்கொண்டார். அம்மன் இல்லை என்று தெரிந்தபின் விளக்குப் போடலாமா என்று தெருவில் ஒரு சர்ச்சை நடந்தது. "ஆம்பளன்னா வெளக்கு வெக்கக் கூடாதா?" என்று அத்தை கேட்டதோடு அது முடிந்தது. தெருமுனையில் நீலப் பலகை வந்தது. அதில் பஸ்ரா தெரு என்று எழுதியிருந்தது. எழுத்தைச் சரிபார்த்துக் கொடுத்தவர் வாத்தியார். மில்காரர் தன் தொட்டியை வேறு தெருவுக்குக் கொடுத்துவிட்டார். எங்களுக்குத் தண்ணீர் வர அதற்குப் பிறகு நாலு வருஷம் ஆனது. அந்த நாலு வருஷமும் பெண்கள் குடத்தோடு நடந்தார்கள். வெயிலைத் திட்டினார்கள், குழாயைத் திட்டினார்கள். யாரும் பெயரைத் திட்டியதாக நான் கேட்டதில்லை. ஓடிப்போனவன் வீடு என்ற பேச்சும் நின்றது. பள்ளிக்கூடத்தில் "பசரா" பாட்டு மட்டும் நிற்கவில்லை. ஆனால் நான் இப்போது அதற்கு ஓடி ஒளியவில்லை. ஈராக் எங்கே இருக்கிறது என்று தெரியுமா என்று திருப்பிக் கேட்பேன். பாதிப் பேருக்குத் தெரியாது.

கூட்டம் முடிந்த அன்றைக்கே நான் தெருவில் வீடு வீடாகப் போய் ஒரு சேதி சொன்னேன். பூட்டன் யுத்தத்தில் செத்தது பற்றி அல்ல. இங்கிலீஷ் வாத்தியாருக்கே நான் தப்பு கண்டுபிடித்தேன் என்று. அவருக்குப் பதில் சொல்ல முடியவில்லை, சும்மா "இங்க அவர்தான்" என்று மழுப்பிவிட்டார் என்று. பெருமை தாங்கவில்லை எனக்கு.

வீட்டுக்கு வந்தபோது அத்தை வாசலில் தனியாக உட்கார்ந்திருந்தார். மண்டியிலிருந்து கொண்டுவந்த புளி முன்னால் கிடந்தது. கை வைக்கவில்லை. என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"வாத்தியாரு இன்னாவோ படிச்சி சொன்னாரே, அத இன்னொரு தரம் சொல்லு."

நான் நிமிர்ந்து உட்கார்ந்து, புத்தகத்தில் உள்ளபடி பிழையில்லாமல் சொன்னேன். "சுதந்திரத்துக்காகவும் மானத்துக்காகவும் அவன் உயிரைக் கொடுத்தான்."

அத்தை தலையசைத்தார். "அப்டி இல்ல. அவரு சொன்ன மாதிரி சொல்லு."

"அவரு சொன்னது தப்பு அத்தே. ஹி-ன்னா அவன்தான்."

"தெரியும். நீ தப்பாவே சொல்லு."

வேறு வழியில்லாமல் நான் தப்பாகவே சொன்னேன். அத்தை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடித்ததும், "இன்னொரு தரம்" என்றார். மறுபடியும் சொன்னேன். அதற்குப் பிறகும் விடவில்லை. எழுத்தே தெரியாத அத்தைக்குத் தப்பான அர்த்தத்தின் மேல் இவ்வளவு ஆசை ஏன் என்று எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை.